சுவரில் விழும் பச்சைப் பொட்டு: கை லேசர் மீத்தேன் கருவியோடு மூன்று ஆண்டுகள்

சாண எரிவாயு நிலையங்களிலும் குழாய் எரிவாயு இணைப்புகளிலும் கசிவு பார்த்துச் சொல்வது என் தொழில். பதினோரு ஆண்டுகள் சோப்புத் தண்ணீர்ப் புட்டியையும், காற்றை உறிஞ்சிப் பார்க்கும் மூக்குக்குழல் கருவியையும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ ஒரு சிறிய காரின் விலையைக் கொடுத்து, அந்த இரண்டு எரிவாயுக்களிலும் பெரும்பகுதியான மீத்தேனைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கும் கை லேசர் கருவி ஒன்றை வாங்கினேன். வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை எழுதி வைக்கலாம் என்பதால் இந்த மதிப்புரை. விற்ற முகவரோடு எனக்கு ஏற்பட்ட பிணக்கையும் சொல்லவிருப்பதால் தயாரிப்பின் பெயரையும் முகவரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைக் கருவி எதற்கும் பொருந்தும்.

உருவத்தில் இது பழைய காலத்துக் கம்பியில்லாத் தொலைபேசியின் கைப்பிடியைவிடச் சற்றுப் பருமனானது. எடை 600 கிராம் அளவு. குறிபார்த்து விசையை அழுத்தினால் எதிரிலுள்ள சுவரில் ஒரு பச்சைப் பொட்டு விழுகிறது, திரையில் ஓர் எண் வருகிறது, அவ்வளவுதான். பச்சை ஒளி வெறும் வழிகாட்டி. அளக்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். அது 1653 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது. மீத்தேன் மூலக்கூறு அந்த இடத்தில் ஒளியை நன்றாக விழுங்கும். காற்றில் நிறைந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் அங்கே ஏறக்குறைய ஒதுங்கி நிற்கும். அந்த அலைநீளம் தொலைத்தொடர்பு ஒளியிழைகள் பயன்படுத்தும் அலைநீளங்களுக்கு அண்டை வீடாக அமைந்தது நம் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அந்தத் தொழிலுக்காக வளர்ந்த டையோடு லேசர்கள் கிடைத்திராவிட்டால் இந்தக் கருவி கைக்குள் அடங்கியிருக்காது. ஜப்பானில் டோக்கியோ கேஸ் நிறுவனமும் அன்ரிட்சு நிறுவனமும் இவ்வகைக் கருவியை வளர்த்தெடுத்ததில் முன்னோடிகள்; நகரத் தெருக்களில் எரிவாயுக் குழாய்களைச் சோதிக்கவே முதலில் இது தேவைப்பட்டது.

லேசரின் அலைநீளத்தை, மீத்தேன் விழுங்கும் அந்த மெல்லிய கோட்டின் மீது கருவி விடாமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. சுவரில் பட்டுச் சிதறி, திரும்பி வரும் சொற்ப ஒளியில் அந்த ஆட்டத்தின் சாயல் எப்படி மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு வழியில் எவ்வளவு மீத்தேன் இருந்தது என்று கணக்கிடுகிறது. சுவர் வெள்ளையாக இருந்தால் நிறைய ஒளி திரும்பும், கறுப்பாக இருந்தால் கொஞ்சமே திரும்பும். ஆயினும் ஆட்டத்தின் வேகத்திலும் அதன் இரட்டிப்பு வேகத்திலும் வரும் இரண்டு சைகைகளின் விகிதத்தை எடுப்பதால், சுண்ணாம்படித்த மதிலும் துருப்பிடித்த தகரமும் ஒரே வாயுவுக்கு ஒரே எண்ணைத் தருகின்றன. இதை நான் நம்பாமல், ஒரே குழாய்க்குப் பின்னால் வெள்ளை அட்டையும் பழுப்புச் சாக்கும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எண் பெரிதாக மாறவில்லை.

இனி அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இக்கருவியை வாங்கி ஏமாந்ததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது இங்கேதான். திரையில் வருவது பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் வாயு எத்தனை பங்கு என்ற செறிவு) அன்று, பிபிஎம்-மீட்டர். அதாவது ஒளி சென்ற வழியில் இருந்த வாயுவின் செறிவையும், அந்த வாயு எவ்வளவு தடிமனில் நின்றது என்பதையும் பெருக்கி வந்த தொகை. 100 பிபிஎம் செறிவுள்ள வாயு ஒரு மீட்டர் தடிமனில் மிதந்தாலும் திரை 100 என்று சொல்லும். 1000 பிபிஎம் செறிவுள்ள வாயு ஒரு சாண் கூட இல்லாமல் 10 சென்டிமீட்டர் தடிமனில் சீறிக்கொண்டிருந்தாலும் அதே 100 என்றுதான் சொல்லும். முன்னது ஊரெல்லாம் பரவிய பழைய வாயுவாக இருக்கலாம், பின்னது இப்போதே முடுக்க வேண்டிய நட்டாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது கருவி வைத்திருப்பவரின் வேலை. பொட்டை மெல்ல அங்குமிங்கும் நகர்த்தி, எண் எங்கே சட்டென்று ஏறுகிறது, எங்கே சட்டென்று விழுகிறது என்று பார்த்தால் சீறல் தெரிந்துவிடும். பரவிய வாயு அப்படி விளிம்பு காட்டாது.

இன்னொன்று, கசிவே இல்லாத இடத்திலும் திரை சும்மா இருக்காது. வெட்டவெளிக் காற்றிலேயே மீத்தேன் ஏறத்தாழ 1.9 பிபிஎம் அளவு கலந்திருக்கிறது. ஒருவழித் தூரமாகக் கணக்கிட்டால், 5 மீட்டர் தள்ளியுள்ள சுவருக்கு 10க்கு அருகிலும், 25 மீட்டர் தள்ளியுள்ள மதிலுக்கு 50க்கு அருகிலும் எண் வருவது இயற்கை. அருகிலுள்ள தூணிலிருந்து தொலைவிலுள்ள மதிலுக்குப் பொட்டைத் திருப்பும்போது எண் நான்கைந்து மடங்கு ஏறுவதைக் கண்டு, புதிதாகக் கற்பவர்கள் கசிவு கிடைத்துவிட்டதாகக் குதிப்பார்கள். நானும் குதித்தவன்தான்.

என் முதல் மாதக் கூத்து இதைவிடப் பெரியது. ஒரு பால்பண்ணையின் சாண எரிவாயுக் குழாய் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி மண்ணுக்குள் சென்றது. தொழுவத்து மதில் நெடுகப் பொட்டை ஓட்டியபோது எண் 60க்கும் 150க்கும் இடையே ஏறி ஏறி இறங்கியது. குழாய் இற்றுப்போயிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லி, அரை நாள் ஆள் வைத்துக் குழி வெட்டச் செய்தேன். குழாய் புத்தம் புதிதாக இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் வரிசையாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த பசுக்களின் ஏப்பத்தைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன் என்பது மாலையில் புரிந்தது. ஸ்காட்லாந்தில் கால்நடை ஆய்வாளர்கள் இதே வகைக் கருவியைப் பசுவின் மூக்கை நோக்கிப் பிடித்து, அதன் மூச்சிலுள்ள மீத்தேனை வேண்டுமென்றே அளந்து ஆய்வு செய்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்தேன். குழி வெட்டிய கூலியை நானே கொடுத்தேன்.

இதற்கு நேர்மாறான நாள் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கருவிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி நான் வருந்தாததற்கு அந்த நாளே காரணம். நாமக்கல் பக்கம் கோழி எச்சத்திலிருந்து வாயு எடுக்கும் நிலையம் ஒன்றில், வாயுவைத் தேக்கும் பலூன் ஏழெட்டு மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் தொட்டியின் தலையில் உட்கார்ந்திருந்தது. உற்பத்தி குறைந்துவிட்டதாகப் புகார். எச்சத்தின் தரம், நுண்ணுயிர், வெப்பநிலை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்திருந்தார்கள். பழைய முறையில் என்றால் சாரம் கட்டி, ஒருவர் இடுப்பில் கயிற்றோடு ஏறி, தொட்டியின் விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்து வர வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நாள் ஆகும். காலை 6 மணிக்கு, காற்று அசையாத நேரத்தில், 12 மீட்டர் தள்ளி நின்று பலூனும் தொட்டியும் சேரும் விளிம்பின்மேல் பொட்டை ஓட்டத் தொடங்கினேன். கைத்தடியோடு கூடவே நடந்து வந்த காவலாளிப் பெரியவருக்கு ஒரே கவலை.

"ஏனுங் தம்பி, அந்தப் பச்சைப் பொட்டு பட்டுப் பட்டுப் பலூன் ஓட்டையாயிடாதுங்களா?"

"ஆகாதுங்கய்யா, இது டார்ச்சு வெளிச்சம் மாதிரிதானுங்க. கண்ணுல மட்டும் அடிக்கக் கூடாது."

எண் 25, 30 என்றே ஓடிக்கொண்டிருந்தது. வடகிழக்கு மூலையில் 900 ஆனது, ஒரு முழம் தள்ளி 3400 ஆனது, இன்னும் ஒரு முழத்தில் மறுபடியும் 40க்கு இறங்கியது. சாண எரிவாயுவில் மீத்தேன் 60 விழுக்காடு அளவு இருக்கும். அதாவது 6 லட்சம் பிபிஎம். அத்தகைய வாயு அரை சென்டிமீட்டர் தடிமனில் சீறினாலே 3000 வந்துவிடும் என்பதால், இது விரல் நுழையாத இடுக்கு என்று கீழே நின்றபடியே சொல்ல முடிந்தது. ஏணி வைத்து அந்த ஓர் இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் அடித்தார்கள். பலூனை இறுக்கும் பட்டையின் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே நுரை பொங்கியது. முழு விளிம்பையும் சுற்றிவர எனக்கு ஆனது 40 நிமிடம்.

இந்தச் சாதனையைச் சொல்லும்போதே எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கருவி கசிவு எங்கே என்று சொன்னதே தவிர, மணிக்கு எத்தனை கிலோ வாயு போகிறது என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதற்குக் காற்றின் வேகம் தெரிய வேண்டும், வாயுத்திரளின் அகலம் தெரிய வேண்டும். மெல்லிய காற்றில் சிறு கசிவும் தேங்கி நின்று பெரிய எண்ணைக் காட்டும். பலத்த காற்றில் பெரிய கசிவும் சிதறி 80ஐத் தாண்டாது. சில முகவர்கள் திரையிலுள்ள எண்ணையே இழப்பின் அளவாகக் காட்டி அறிக்கை அச்சிட்டுத் தருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் காற்றின் வேகம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒளி சென்ற வழியில் எந்த இடத்தில் வாயு இருந்தது என்பதும் இதற்குத் தெரியாது. மொத்தத்தை மட்டுமே அறியும். தூரத்தையும் சேர்த்துச் சொல்வது இதன் மூத்த உறவினரான லிடாரின் திறமை. அங்கே லேசர் துடிப்புத் துடிப்பாகப் போகிறது. துகள்களிலும் காற்று மூலக்கூறுகளிலும் பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு இடம் அறியப்படுகிறது. வாயு விழுங்கும் அலைநீளம் ஒன்றும் விழுங்காத அலைநீளம் ஒன்றுமாக இரண்டை அனுப்பி, திரும்பி வரும் வேறுபாட்டைக் கொண்டு செறிவு கணக்கிடப்படுகிறது. முதல் லேசர் 1960இல் ஒளிர்ந்தது. 1966க்குள் ஷாட்லண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாணிக்க லேசரின் அலைநீளத்தை நகர்த்தி, வானில் உயரத்துக்கு உயரம் நீராவி எவ்வளவு என்று இம்முறையில் அளந்துவிட்டார். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இதே முறையை ஒரு லாரிக்குள் ஏற்றி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் குப்பை நிரப்பிடங்களையும் வேலிக்கு வெளியே நின்று அளக்கிறது. 2022 ஏப்ரலில் சீனா ஏவிய செயற்கைக்கோள் ஒன்று விண்ணிலிருந்து தரைக்கு லேசரை அனுப்பி, வழியிலுள்ள கரியமில வாயுவை அளக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செயற்கைக்கோளும் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு வழியின் மொத்தத்தைத்தான் அறிகிறது. அந்த ஒரு விதத்தில் அது லாரியைவிட என் கைக்கருவிக்கே நெருங்கிய சொந்தம்.

தரையோ சுவரோ இல்லாமல் இக்கருவி வேலை செய்யாது என்பதை வாங்கும் முன் மனத்தில் இருத்த வேண்டும். வானத்தை நோக்கிப் பிடித்தால் திரையில் பிழைக்குறிதான் வரும், ஏனெனில் திருப்பி அனுப்ப அங்கே ஒன்றும் இல்லை. உயரமான புகைபோக்கியின் வாயிலிருந்து வெளியேறும் வாயுவைக் கீழிருந்து பார்க்க முடியாததும் இதனால்தான். தேங்கிய நீர்ப்பரப்பு ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். மழையில் நனைந்த கறுப்புத் தார்ப்பாய் விழுங்கிவிடும். புத்தம் புது ஸ்டெயின்லெஸ் குழாயை நேருக்கு நேர் பார்த்தால் அளவுக்கு மீறிய ஒளி திரும்பி வந்து கருவியைத் திணறடிக்கும். சற்றே சாய்த்துப் பிடித்தால் சரியாகிவிடும். சாதாரணக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பூட்டிய அறைக்குள் பார்க்க முடிவது இதன் பெரும் வரம். அங்கேயும் கோணம் சாய்வாக இருக்க வேண்டும். வெயில் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிகளில் அந்த வரம் பலிப்பதில்லை. 30 மீட்டர் வரை எட்டும் என்று கையேடு சொல்வது நல்ல பரப்புக்கு. நம் ஊர்ப் பாசி படிந்த மதில்களுக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

பச்சைப் பொட்டு சிறியது என்பதற்காக அளக்கும் ஒளியும் அவ்வளவு சிறியது என்று எண்ணக் கூடாது. அகச்சிவப்பு ஒளிக்கற்றை தொலைவு கூடக் கூட விரிகிறது. குழாயின்மேல் பொட்டு விழாவிட்டாலும் கற்றையின் ஓரம் கசிவைத் தொட்டிருக்கலாம். இடத்தைத் துல்லியமாக நிறுவ வேண்டும் என்றால் நெருங்கி வந்து மறுபடியும் பார்த்துத்தான் ஆக வேண்டும். அளக்கும் ஒளி கண்ணுக்குத் தீங்கற்ற வகுப்பைச் சேர்ந்தது. வழிகாட்டிப் பச்சை ஒளி அப்படியன்று, கண்ணில் நேராகப் படக் கூடாத வகுப்பு. தெருவில் குழாய் பார்க்கும்போது சைக்கிளில் வரும் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பொட்டைத் தேடி ஓடி வருகிறார்கள். ஆகவே பள்ளி விடும் நேரத்தில் நான் கருவியை எடுப்பதே இல்லை.

வீட்டுச் சிலிண்டர் கசிவைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டு வாரம் ஓர் அழைப்பாவது வருகிறது. முடியாது. சிலிண்டரில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும். அவை 1653 நானோமீட்டரில் மீத்தேனைப் போல நடந்துகொள்வதில்லை. சிலிண்டர் வாய் திறந்து கிடந்தாலும் திரை அமைதியாக இருக்கும். குழாய் வழியாக வீடுகளுக்கு வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன் என்பதால் அதற்கு இது பொருந்தும். சாண எரிவாயு நிலையத்தில் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இதன் கண்ணுக்குப் படாது. ஆகவே இதைக் கையில் வைத்திருக்கும் தைரியத்தில், சட்டைப்பையில் மாட்டும் அபாய எச்சரிக்கைக் கருவியை அறையில் விட்டுவிட்டு யாரும் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. மீத்தேன் காற்றில் 5 விழுக்காட்டை, அதாவது 50,000 பிபிஎம்மை எட்டினால் தீப்பற்றக் கூடியது. என் கருவியின் உச்ச வரம்பும் 50,000தான் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இது பிபிஎம்-மீட்டர் என்பதை மறந்தால் உயிருக்கு ஆபத்து. திரை 5000 காட்டும்போது அங்கே 10 சென்டிமீட்டர் தடிமனில் தீப்பற்றும் கலவை நின்றுகொண்டிருக்கலாம்.

குப்பைக் கிடங்குகளில் இதன் பயன் அரைகுறையானது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததற்குப் பிறகு, குப்பைமேட்டின் மீத்தேன் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்; எனக்கும் இரண்டு சிறு நகராட்சிகளிலிருந்து அழைப்பு வந்தது. மேட்டில் வெடிப்பும் பிளவும் எங்கே என்று காட்ட முடிந்தது. ஆனால் அங்கே வாயு ஒரு துளையிலிருந்து வருவதில்லை, மேடு முழுவதும் மூச்சு விடுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் 200, 300 என்றுதான் எண் வரும். அந்த வேலைக்கு அகச்சிவப்புக் கேமராவோ, ட்ரோனில் கட்டிய கருவியோ ஏற்றது. கேமராவின் விலை இதைப்போல் பல மடங்கு. குழாய், வால்வு, பிளேஞ்ச் (குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் வளையம்), பலூன் விளிம்பு என்று குறியிட்டுப் பார்க்கும் இடங்களே இக்கருவியின் சொந்த ஊர்.

அன்றாடப் புழக்கத்தில் குறைகள் சில. ஒரு முறை மின்னேற்றினால் 6 மணி நேரம் என்பது புதிதில் உண்மையாக இருந்தது, இப்போது நான்கரை. சித்திரை வெயிலில் திரையிலுள்ள எண்ணைப் படிக்கத் தலைமேல் துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நொடிக்குப் பத்து முறை அளக்கும் கருவியின் எண் கண் தொடர முடியாத வேகத்தில் துள்ளுவதால், நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எச்சரிக்கை ஒலியை 100இல் வைத்துக் காதால்தான் தேடுகிறேன். முன்பக்க ஆடியில் கோழிப்பண்ணைத் தூசு படிந்தால் திரும்பும் ஒளி குறைந்துகொண்டே வரும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பெரிய குறை கருவியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் இருக்கிறது. கருவிக்குள்ளேயே மீத்தேன் அடைத்த சிறு குப்பி ஒன்று இருப்பதால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் லேசர் தன் கோட்டில் நிற்கிறதா என்று அது தானே சரிபார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கொரு அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்கிறார்கள். விற்கும்போது அந்தச் சேவை இங்கேயே கிடைக்கும் என்று சொன்ன முகவர், முதல் ஆண்டு முடிவில் கருவியை வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வர ஏழு வாரம் ஆயிற்று. அனுப்பும் செலவும் சுங்கச் செலவும் என் தலையில். அந்த ஏழு வாரமும் பழையபடி சோப்புத் தண்ணீரோடு சாரம் ஏறினேன். வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன், அளவுத்திருத்தம் எந்த ஊரில் நடக்கும், எத்தனை நாளில் திரும்பும், அதுவரை மாற்றுக் கருவி உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நான் வாய்வார்த்தையை நம்பினேன்.

ஒரே ஒரு நிலையம் வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை ஆளை அழைத்துப் பார்த்துக்கொள்வதே கட்டுப்படியாகும். பத்துப் பதினைந்து நிலையங்களைப் பராமரிப்பவர், நீளமான குழாய்த்தடம் உள்ளவர், உயரத்தில் இணைப்புகள் உள்ளவர் ஆகியோருக்கு இரண்டு ஆண்டுகளில் பணம் திரும்பிவிடும், எனக்குத் திரும்பிவிட்டது. நாமக்கல் நிலையத்தில் அந்த இரண்டு போல்ட்டுகளை முடுக்கி, பட்டைக்கடியில் புது ரப்பர் வைத்த மறுநாள் அதே இடத்தில் நின்று அதே மூலையைப் பார்த்தேன். எண் 24. பெரியவர் எட்டிப் பார்த்து, நேற்று ஆயிரக்கணக்கில் இருந்தது இன்று இவ்வளவு குறைந்துவிட்டதே, கருவி கெட்டுவிட்டதா என்று கேட்டார்.